நான்கு டிஸ்கும் காணாமற்போன இரவு: பழைய கன்ட்ரோலரை வைத்திருப்பதா, மாற்றுவதா?

வீட்டுச் சேர்வரில், ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் மெஷின்களை ஓட்டும் விஎம்வேரின் இஎஸ்எக்ஸ்ஐ 7 ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை இரவு, சாப்பிட்ட கையோடு அதை 8ஆக ஏற்றினேன். ஏற்றும்போதே ஓர் எச்சரிக்கை வந்தது: 1000:0072 என்ற எண்ணுள்ள சாதனத்துக்கு இனி ஆதரவில்லை. வன்பொருள் எச்சரிக்கையைக் கணக்கெடுக்க வேண்டாம் என்று கட்டளையின் வாலில் ஒரு சொல்லைச் சேர்த்து மறுபடி அடித்தேன். அது சொன்னபடி கேட்டது. சேர்வர் திரும்ப எழும்பியபோது நான்கு 4 டெராபைட் டிஸ்கும் இல்லை. மெய்நிகர் மெஷின்களின் பெயர்கள் இருந்த இடத்தில் நீள நீளமான எண்களோடு பாதைகள் மட்டும் கிடந்தன. அதற்குள்தான் மனைவியின் டியூஷன் வகுப்பு வினாத்தாள்கள், பத்து வருடப் படங்கள், நான் வேலைக்காகப் பரிசோதிக்கும் மெஷின்கள் எல்லாம். தவறு முழுக்க என்னுடையது. எச்சரிக்கை வந்தது, நான் வாசிக்கவில்லை.

இந்த இடத்தில் என்னென்ன வழிகள் இருக்கின்றன, எது யாருக்குச் சரி என்று ஒப்பிட்டுப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன். கன்ட்ரோலர், அதாவது டிஸ்குகளைச் சேர்வரோடு இணைக்கும் கார்ட், எல்எஸ்ஐ 9211-8ஐ. வீட்டில் சேர்வர் வைத்திருப்பவர்களில் பாதிப்பேரிடம் இதுவோ இதன் மச்சானோ இருக்கும். ஐபிஎம் எம்1015, டெல் எச்310 எல்லாவற்றுக்கும் உள்ளே இருப்பது அதே எஸ்ஏஎஸ்2008 சிப்தான்.

முதலில் செய்யவேண்டியது, கார்ட் செத்ததா, அதை ஓட்டும் மென்பொருளான டிரைவர் இல்லாமற்போனதா என்று பிரித்து அறிவது. இதைச் செய்யாமல் புதுக் கார்ட் வாங்கப் போனவர்களை எனக்குத் தெரியும். சேர்வரின் கட்டளைத் திரையில் எல்எஸ்பிசிஐ என்று அடித்தால் பலகையில் செருகியிருக்கும் எல்லாச் சாதனங்களும் வரும். அதில் கார்ட் இருக்கிறது, ஆனால் சேமிப்பு அடாப்டர் பட்டியலில் மட்டும் இல்லை என்றால், கார்ட் உயிரோடுதான் இருக்கிறது, அதை ஓட்ட ஆளில்லை. எல்எஸ்பிசிஐயிலேயே இல்லையென்றால் வேறு கதை: ஸ்லாட், கார்ட், அல்லது உப்பு.

உப்பு என்றதும் வெளியூர்க்காரருக்குச் சிரிப்பு வரலாம். எங்கள் வீடு மட்டக்களப்பின் கல்லடியில், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. ஜன்னல் கம்பியைத் தின்கிற காற்று கார்டின் தங்கப் பற்களைச் சும்மா விடுமா? ஒருமுறை இதே கார்ட் எல்எஸ்பிசிஐயிலேயே வராமல் போனது. கழற்றிப் பார்த்தால் பற்களின்மேல் மங்கலாக ஒரு படலம். பிள்ளைகளின் வெள்ளை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்ட துணியால் துடைத்துச் செருகியதும் வந்துவிட்டது. இந்த முறையும் அதே ஆசையில் அழிரப்பரைத் தேடினேன். காத்தான்குடியில் இருக்கும் நண்பருக்குத் தொலைபேசி எடுத்தேன். என்னைவிட எட்டு வயது மூத்தவர், அண்ணன் என்ற பொருளில் நான் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் சிரித்தார். "தம்பி, அழிரப்பர வைங்க. கார்ட் சாகல்ல, டிரைவரத்தான் தூக்கிட்டானுகள்."

அதுதான் உண்மை. இஎஸ்எக்ஸ்ஐ இந்தச் சிப்பைப் பிடிக்கப் பயன்படுத்திய எம்எஸ்ஜிபிடி2 என்ற டிரைவர் வழியான ஆதரவு, 2022இல் வந்த 8ஆம் பதிப்போடு நின்றுபோனது. அதற்கு முன் 2020இல் 7 வந்தபோது பழைய லினக்ஸ் வகை டிரைவர்கள் முழுவதையும் கழற்றி எறிந்தார்கள். அந்தக் கண்டத்தில் 9211 தப்பியது, ஏனென்றால் அதற்குப் புதுவகை டிரைவர் ஒன்று இருந்தது. அடுத்த கண்டத்தில் தப்பவில்லை.

சரி, வழிகள். முதலாவது, வந்த வழியே திரும்பிப் போவது. இதை முதலுதவி என்றுதான் நான் சொல்வேன். இஎஸ்எக்ஸ்ஐ தன் முந்திய பதிப்பைப் பூட் டிஸ்கின் இன்னொரு பகுதியில் வைத்திருக்கும். எழும்பும்போது ஷிஃப்ட்டையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால், பழையதுக்குத் திரும்பவா என்று கேட்கும். ஆம் என்றேன். பத்து நிமிடத்தில் நான்கு டிஸ்கும் ஒன்றும் நடக்காததுபோல் வந்து நின்றன. ஆனால் இரண்டு விஷயம். 8ஐப் போட்டபின் மேலே இன்னொரு பேட்ச் போட்டுவிட்டால் அந்தப் பழைய பிரதி அழிந்துவிடும். ஆகவே பதற்றத்தில் 'புது பேட்ச்சில் சரியாகுமோ' என்று கை வைக்கக் கூடாது. மற்றது, 7ஆம் பதிப்புக்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 2ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. வீட்டுக்குள் மட்டும் ஓடும் சேர்வர் என்றால் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம், நானும் ஓட்டினேன். வெளியே கதவு திறந்த சேர்வரை இப்படி வைத்திருக்க எனக்கு மனம் வராது.

இரண்டாவது வழி பலருக்குக் கண்ணில் படுவதே இல்லை. கார்டைக் கழற்றிவிட்டு, மதர்போர்டில் ஏற்கனவே இருக்கும் சாட்டா துளைகளில் டிஸ்குகளை நேரே செருகுவது. டிஸ்க் நான்கோ ஐந்தோதான், துளையும் போதுமென்றால் இதற்கு மேல் வாசிக்கவே தேவையில்லை. காசு இல்லை, சூடு இல்லை, கரண்ட் மிச்சம். ஒரே ஒரு இடத்தில் தடுக்கும். கார்ட் வழியாகப் பார்த்த டிஸ்குக்கு ஒரு பெயரும் மதர்போர்ட் வழியாகப் பார்க்கும்போது வேறு பெயரும் வரும். அதனால் இஎஸ்எக்ஸ்ஐ அதை வேறொரு டிஸ்கின் நகல் என்று நினைத்துத் தொடாமல் விட்டுவிடும். டிஸ்க் தெரியும், அதற்குள் இருக்கும் சேமிப்பகம் தெரியாது. இந்த இடத்தில் பயந்துபோய்ப் புதிதாக ஃபோர்மாட் பண்ணினால் எல்லாம் போச்சு. நகல்களின் பட்டியலை எடுத்து, பழைய கையொப்பத்தோடே ஏற்று என்று சொன்னால் போதும். எனக்கு இந்த வழி ஏன் சரிவரவில்லை என்றால், என் போர்டில் நான்கே நான்கு துளைகள். இரண்டில் எஸ்எஸ்டி.

மூன்றாவது, கார்டை இஎஸ்எக்ஸ்ஐக்குக் காட்டாமல் நேரடியாக உள்ளே இருக்கும் ஒரு மெய்நிகர் மெஷினிடம் கொடுத்துவிடுவது. பாஸ்த்ரூ என்பார்கள். டிஸ்குகளைச் சேமிப்பகமாக நிர்வகிக்கும் ட்ரூநாஸ் என்ற இயங்குதளத்தை ஒரு மெஷினாகப் போட்டு, அதன் கையில் கார்டைக் கொடுத்தால், டிரைவர் வேண்டியது ட்ரூநாஸுக்குத்தான், இஎஸ்எக்ஸ்ஐக்கு அல்ல. லினக்ஸில் இந்தச் சிப்புக்கு எம்பிடி3எஸ்ஏஎஸ் என்ற டிரைவர் இன்றைக்கும் இருக்கிறது. ஆகவே ஏற்கனவே இப்படி வைத்திருப்பவர், என்னைப்போல் எச்சரிக்கையைத் தள்ளிவிட்டு 8க்குப் போனாலும் எதுவும் ஆகாது. அதே எச்சரிக்கை, அதே எண், ஆனால் அவருக்குப் பொருட்டில்லை. டிஸ்க் யார் கையில் இருக்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

புதிதாக இந்த வழிக்கு வருபவருக்கோ கொஞ்சம் சுற்று. அந்த மெஷினுக்குக் கொடுக்கும் ரேம் முழுவதையும் ஒதுக்கி வைக்கவேண்டும். ட்ரூநாஸின் சொந்தப் பூட் டிஸ்க் வேறொரு கன்ட்ரோலரில் இருக்கவேண்டும், இல்லையென்றால் கோழியா முட்டையா கதைதான். டிஸ்குகளில் ஏற்கனவே இருக்கும் தரவை வெளியே எடுத்துவிட்டு அழித்துக் கட்டவேண்டும். பிறகு ட்ரூநாஸ் தன் இடத்தை நெட்வொர்க் வழியாக மறுபடி இஎஸ்எக்ஸ்ஐக்கே கொடுத்து, அதன்மேல் மற்ற மெஷின்கள் எழும்பவேண்டும். கரண்ட் போய் வந்தால் முதலில் இது, அப்புறம் அது என்று ஒழுங்காக எழும்ப நேரம் வைத்துப் பழக்கவேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் வெட்டிய நாட்களை நான் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறைத் துணைமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதில் தீவு முழுக்க இருண்டது. குரங்குக்கும் ஈடுகொடுக்கும் சேர்வர்தான் எனக்கு வேண்டும். இத்தனை கண்ணி கோத்த சங்கிலி வேண்டாம்.

நான்காவது, புதுக் கார்ட். காக்கா தேர்ந்தது இதைத்தான். நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் இரண்டு 9211 வாங்கினோம், ஆகவே அவர் தலைக்கும் இதே கத்தி. அவர் வேலை செய்யும் இடத்தில் விஎம்வேர் ஓடுகிறது. வீட்டில் ஓட்டிப் பழகினால்தான் அங்கே கை நடுங்காது. அவருக்கு இஎஸ்எக்ஸ்ஐயை விட முடியாது, அதனால் கார்டை விட்டார். எஸ்ஏஎஸ்3008 சிப் உள்ள 9300-8ஐ எடுத்தார். அதற்கான எம்எஸ்ஜிபிடி3 டிரைவர் 8இல் இருக்கிறது.

இங்கே சறுக்கும் இடங்கள் சில. பழைய கார்டிலிருந்து 9207க்குப் போனால் போதாதா என்று நானே கேட்டேன். போதாது. அதில் இருப்பது எஸ்ஏஎஸ்2308, அதுவும் அதே எம்எஸ்ஜிபிடி2 டிரைவரின் பிள்ளை. கேபிளும் மாறும்: 9211இல் எஸ்எஃப்எஃப்-8087 என்ற செருகி, 9300இல் எஸ்எஃப்எஃப்-8643. கார்ட் வந்து, கேபிள் வராமல், காக்கா மூன்று நாள் திறந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். கொழும்பு இங்கிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் இருப்பவனுக்குப் படி இறங்கினால் கிடைக்கிற கேபிள், நமக்கு பஸ்ஸில் வரவேண்டும்.

அப்புறம் சூடு. இந்தக் கார்டுகள் எல்லாமே பெரிய விசிறிகள் ஊளையிடும் ரேக் சேர்வருக்காகச் செய்தவை. வீட்டு மேசைப் பெட்டிக்குள், மட்டக்களப்பின் மே மாத வெயிலில், காற்று அசையாத மூலையில் கிடந்தால் வெந்துபோகும். 9300 பழையதைவிடக் கூடச் சுடும். காக்கா 40 மில்லிமீட்டர் விசிறி ஒன்றைக் கார்டின் அலுமினியத் தட்டின்மேல் கேபிள் கட்டும் பட்டியால் இறுக்கியிருக்கிறார். பார்க்க அழகில்லை. ஆனால் முன்பு தொட்டால் விரலைச் சுட்ட தட்டில் இப்போது விரலை வைத்துக்கொண்டே கதைக்கலாம். பழைய கார்ட் வைத்திருப்பவர்களும் ஒருமுறை அந்தத் தட்டைக் கழற்றிப் பாருங்கள். என்னுடையதில் உள்ளே இருந்த பசை காய்ந்து சுண்ணாம்புபோல் உதிர்ந்தது.

வேகம் கூடுமே என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். சுழலும் டிஸ்க் ஒன்று நல்ல நாளில் நொடிக்கு 200 மெகாபைட் தரும், நான்கும் சேர்ந்து 800. பழைய 9211 செருகும் எட்டுத்தட பிசிஐஇ 2.0 பாதையே நொடிக்கு 4 ஜிகாபைட் தாங்கும். நான்கு டிஸ்குக்காக 12 ஜிகாபிட் கார்ட் வாங்குவது, துவிச்சக்கர வண்டிக்காகக் கல்லடிப் பாலத்தைப் புதிதாகக் கட்டுவதுபோல. காக்கா வாங்கியது வேகத்துக்கல்ல, டிரைவருக்கு.

பழைய சாமான் கடையில் இன்னும் மலிவாக டெல்லின் பெர்க் 6 கார்ட் என்று ஒன்று காட்டுவார்கள். தொடவேண்டாம். அந்தத் தலைமுறைச் சிப்புகளுக்கு 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட டிஸ்க் முழுதாகத் தெரியாது. டிஸ்குகளைத் தானே ஒரு தொகுதியாகக் கட்டும் வன்பொருள் ரெய்ட் கார்டுகளையும் வீட்டுக்கு நான் சொல்லமாட்டேன். கார்ட் செத்தால் அதே குடும்பத்துக் கார்ட் கிடைக்கும்வரை டிஸ்குகள் பூட்டிய பெட்டகம்தான்.

ஐந்தாவது வழிக்குத்தான் நான் போனேன்: கார்டை வைத்துக்கொண்டு, மேலே ஓடுவதை மாற்றுவது. இஎஸ்எக்ஸ்ஐ போலவே மெய்நிகர் மெஷின்களை ஓட்டும் பிராக்ஸ்மாக்ஸ், டெபியன் லினக்ஸின்மேல் நிற்கிறது, ஆகவே மேலே சொன்ன அதே எம்பிடி3எஸ்ஏஎஸ் டிரைவரோடு 9211ஐ ஒரு கேள்வியும் கேட்காமல் எடுத்துக்கொண்டது. கார்டுக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர், டிஸ்குகளை அப்படியே காட்டும் ஐடி வகையாக, 20.00.07.00 ஆக இருக்கவேண்டும். அதே 20இல் முன்பு வந்த 20.00.04 பிழைகள் காட்டிப் பெயர் கெட்டது, அது இருந்தால் ஏற்றிவிடுங்கள்.

பணமும் ஒரு காரணம்தான். பிராட்காம் 2023 நவம்பரில் விஎம்வேரை வாங்கியது. 2024 பெப்ரவரியில் இலவச இஎஸ்எக்ஸ்ஐயை நிறுத்தினார்கள், 2025 ஏப்ரலில் 8.0 அப்டேட் 3இயோடு திரும்பக் கொடுத்தார்கள். கொடுப்பதும் எடுப்பதும் அவர்கள் உரிமை. வீட்டுப் படங்களை அந்த ஊஞ்சலில் வைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் என்னைத் தள்ளியது இதைவிட எளிய கேள்வி ஒன்று. நாளைக்கு மதர்போர்ட் எரிந்தால், இந்த டிஸ்கை மட்டக்களப்பில் யாருடைய மெஷினில் செருகி இன்றிரவே படிக்கலாம்? டிஸ்கில் கோப்புகளை அடுக்கும் முறை இஎஸ்எக்ஸ்ஐயின் விஎம்எஃப்எஸ் என்றால் இன்னொரு இஎஸ்எக்ஸ்ஐ வேண்டும், அல்லது படிக்க மட்டும் விடும் ஒரு சின்ன லினக்ஸ் கருவியோடு மல்லுக்கட்டவேண்டும். பிராக்ஸ்மாக்ஸில் நான் எடுத்த இசட்எஃப்எஸ் முறை என்றால் உபுண்டு போட்ட எந்த மெஷினிலும் ஒரு பொதியை நிறுவினால் முடிந்தது. அப்படி ஒரு மெஷின் இந்தத் தெருவிலேயே இரண்டு வீட்டில் இருக்கிறது.

இதற்காகவே நான்கு டிஸ்கையும் ஒரே தொகுதியாகக் கட்டவில்லை. இரண்டு இரண்டாக, தனித்தனிக் கண்ணாடித் தொகுதிகள்: ஒன்றில் இருப்பதுதான் மற்றதிலும். சேர்த்துக் கட்டியிருந்தால் வேகம் கூடியிருக்கும், ஆனால் மீட்க இரண்டு டிஸ்க் வேண்டும். இப்போது வினாத்தாள் தொகுதியில் எந்த ஒரு டிஸ்கை உருவி எடுத்தாலும் தனியாகவே படிக்கலாம். செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். எஸ்எஸ்டிகளைக் கார்டில் கொடுக்காமல் போர்டிலேயே விட்டேன். இந்தக் காலத்துக் கார்ட் வழியாகப் பல எஸ்எஸ்டிகளுக்கு, அழித்த இடத்தை எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் டிரிம் கட்டளை போய்ச் சேராது.

மாறுவது சும்மா நடந்துவிடவில்லை. ஷிஃப்ட்-ஆர் போட்டு 7க்குத் திரும்பியதுதான் எல்லாவற்றையும் சாத்தியமாக்கியது, ஏனென்றால் பழையது உயிரோடு ஓடினால்தான் பிராக்ஸ்மாக்ஸின் இறக்குமதிக் கருவி அதனிடமிருந்து மெஷின்களை எடுக்கும். டியூஷன் அறையில் கிடந்த பழைய டெஸ்க்டாப்பில் ஒரு பெரிய டிஸ்கைப் போட்டு, தற்காலிகமாக பிராக்ஸ்மாக்ஸ் ஏற்றி, அங்கே எல்லாவற்றையும் இழுத்தேன். ஒரு ஜிகாபிட் கேபிளில் நொடிக்கு 110 மெகாபைட் என்று வைத்தால் 600 ஜிகாபைட்டுக்கு ஒன்றரை மணிநேரம். கணக்கு அப்படி, நடந்தது விடிய விடிய. பிறகு சேர்வரைத் துடைத்து, புதிதாகக் கட்டி, காப்புப் பிரதி வழியாகத் திரும்பக் கொண்டுவந்தேன்.

லினக்ஸ் மெஷின்கள் வந்த வேகத்தில் எழும்பின. விண்டோஸ் மட்டும் நீலத் திரையைக் காட்டியது. டிஸ்கை நேரே, மெய்நிகர் மெஷின்களுக்கென்றே உள்ள விர்ட்ஐஓ வகையாகக் கொடுத்ததுதான் காரணம், அந்த டிரைவர் விண்டோஸுக்குள் இல்லை. முதலில் சாட்டா வகையாகக் கொடுத்து எழுப்பி, விர்ட்ஐஓ டிரைவர்களை நிறுவி, அதே வகையில் சின்ன வெற்று டிஸ்க் ஒன்றை இணைத்துக் காட்டி, அப்புறம் மாற்றவேண்டும். இன்னொரு தொல்லை, கெர்னல் புதிதாகும்போது நெட்வொர்க் கார்டின் பெயர் சிலநேரம் மாறிவிடும். திரையும் கீபோர்டும் பக்கத்தில் இல்லாமல் அப்டேட் போடாதீர்கள். ரேமும் பார்க்கவேண்டும். பிராக்ஸ்மாக்ஸ் 8.1 முதல் புதிதாக நிறுவும்போது இசட்எஃப்எஸ்ஸின் கேச் பத்தில் ஒரு பங்கு ரேமோடு நிற்கும். அதற்கு முந்திய நிறுவல்களில் பாதி ரேம்வரை ஏறும், கையால் கட்டவேண்டும்.

எங்கள் இருவரின் கரண்ட் கணக்கையும் வைத்துப் பார்த்தோம். 24 மணிநேரமும் ஓடும் ஒவ்வொரு 10 வாட்டும் மாதத்துக்கு 7.2 யூனிட். நம் கட்டணம் படிப்படியாக ஏறுவது, அந்த ஏழு யூனிட் வீட்டை அடுத்த படிக்குத் தள்ளினால் வலிக்கும். காக்காவின் பெட்டி முன்பைவிடக் கொஞ்சம் கூடக் குடிக்கிறது, என்னுடையது மாறவில்லை. அவர் அதைப் படிப்புச் செலவு என்று எழுதிக்கொள்கிறார். சரிதான், அவர் இடத்தில் இருந்தால் நானும் 9300தான் வாங்கியிருப்பேன். இஎஸ்எக்ஸ்ஐ 9ஆம் பதிப்பு 2025 ஜூனில் வந்தபோது அவர் அவசரப்படவில்லை. இம்முறை பொருத்தப் பட்டியலில் தன் கார்டின் எண்ணைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை என்கிறார்.

போன வாரம் வந்தபோது ஒரு கடதாசி உறையை மேசையில் வைத்தார். உள்ளே அவருடைய பழைய 9211, கேபிள் இரண்டோடு. "எனக்கு இனி இது வேலயில்ல தம்பி, உங்களுக்கு ஸ்பெயராக் கிடக்கட்டும்." பற்களை அழிரப்பரால் தேய்த்து, ஃபர்ம்வேரை 20.00.07க்கு ஏற்றி, ஒருநாள் என் சேர்வரில் போட்டு ஓட்டிப் பார்த்தேன். இப்போது அது சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டோடு இறுக மூடிய டப்பாவில், சாரி அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. வீட்டில் உப்புக்காற்று குறைவாகப் போகிற இடம் அது ஒன்றுதான்.